லின்டா கரையேறும் நாள்

ரொறன்ரோ
8 செப்டெம்பர் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

நிலாணி எழுதுகிறேன். உங்கள் முகவரியை அம்மாதான் மொன்றியலில் இருக்கும் புனிதவதி மாமியிடம் கேட்டு வாங்கித் தந்தார். அப்பாவுக்குத் தெரியாது. அதனால் வீட்டுக்குக் கடிதம் போட வேண்டாம். நான் வேலை செய்யும் படகுத்துறைக் கன்ரீன் முகவரிக்குப் போடுங்கள். அங்கே கடிதம் எடுப்பது அருள்மலர் அன்ரி. "உன்ரை பேருக்கு வந்தால் உன்ரை கையிலைதான் தருவன். பிரிக்கமாட்டன். வெளிச்சத்திலை பிடிச்சு மட்டும் பாப்பன்" என்று சொல்லியிருக்கிறார்.

ஃபோன் எடுக்கவில்லை என்று கோபிக்காதீர்கள். நீங்கள் வேலை செய்யும் கடைக்கு எடுத்தால் யாராவது பிரெஞ்சில் கேட்பார்கள். எனக்கு இங்கிலீசிலேயே ஃபோன் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவதென்றால் பரவாயில்லை.

லேபர் டே விடுமுறை முடிந்ததும் ஏரி மாறிவிட்டது. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி பிரிம்லி வீதியின் இறக்கத்தில் நடந்து வரும்போது இப்போதெல்லாம் தண்ணீரே தெரிவதில்லை. புகை போல வெள்ளைப் புகார் மட்டும்தான். அதற்குள் எங்கேயோ பாய்மரக் கம்பங்களில் கயிறுகள் தட்டிக்கொண்டிருக்கும், வளையல் போட்ட கை ஒன்று தூக்கத்தில் புரள்வது போல. இறக்கத்தின் அடிக்கு வந்த பிறகுதான் படகுகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். ஒவ்வொரு நாளும் இரண்டு, மூன்று குறைந்திருக்கும்.

லின்டா இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறாள். நீங்கள் ஜூன் மாதம் போன நாளிலிருந்து அவளை யாரும் அவிழ்க்கவில்லை. முன்பக்கக் கயிற்றில் பாசி பிடித்திருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் உள்ளே நிற்கும் மழைத்தண்ணீரை நான் வாளியால் அள்ளி ஊற்றுகிறேன்.

நேற்று எல்லாப் படகுகளிலும் மஞ்சள் தாள் ஒட்டினார்கள். ஒக்ரோபர் இருபத்தாறு கடைசி நாள். அதற்குள் எல்லாவற்றையும் கரையேற்ற வேண்டும், பிறகு துறையில் பனிக்கட்டி பிடிக்குமாம். உரிமையாளர் வந்து கையெழுத்திட வேண்டும். தூக்கும் இயந்திரம் ஓட்டும் வோல்ட்டர், லின்டாவில் தாளை ஒட்டும்போது என்னைப் பார்த்துக்கொண்டே ஒட்டினார். நான் உங்கள் தங்கை என்று அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் வந்தால் போதும் அண்ணா. வாருங்கள்.

இப்படிக்கு,
நிலாணி


மொன்றியல்
17 செப்டெம்பர் 1996

நிலாக்குட்டி,

உன் கடிதத்தைக் கடையின் பின்பக்கத்தில், வெங்காயம் உரிக்கும் மேசையில் வைத்துப் படித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததென்றால் அது வெங்காயம். பெரிதாக எடுக்காதே.

நான் வரமாட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும், நீயும் அங்கேதான் நின்றாய். ஆனால் நீ நின்றால் நின்றது தெரியாது, அதனால் நானே ஞாபகப்படுத்துகிறேன்.

பதினாலு வயதில் கொழும்பில் லொட்ஜ் யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்த காலத்திலிருந்தே எனக்கு ஒரு படகு வேண்டும் என்றிருந்தது. மீன் பிடிக்க இல்லை. சும்மா. ஒரு நாளாவது நான் நினைத்த பக்கம் திருப்பிப் போக. அதற்காக இரண்டு வருடம் பகலில் ஒரு வேலை, பின்னேரம் ஒரு வேலை. கடைசியில் வாங்கியது இருபது வயதுப் பழைய பைபர் படகு. பக்கத்தில் 'லின்டா' என்று முந்தினவன் எழுதியிருந்தான். அழிக்க மனம் வரவில்லை. அம்மா ஒரு கிழமை முழுக்க, "ஆர் தம்பி உவள் லின்டா? வெள்ளைக்காரியோ?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தா.

மே மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டம். நான் உன்னையும் அம்மா அப்பாவையும்தான் கூப்பிட்டேன். அஜின்கோர்ட், மில்லிக்கன், யூனியன்வில் என்று பல பக்கத்திலிருந்தும் சொந்தக்காரர் எல்லோரும் நாலு வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். அம்மா கையில் நாலு தேசிக்காய். சக்கரத்துக்குக் கீழே வைக்க வேண்டுமாம். "தம்பி, சக்கரம் எங்கை?" அப்பா கையில் தேங்காய். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. மிதக்கும் பலகைத் துறையில் அடித்தால் தேங்காய் உடையுமா? பலகை கீழே போய் மேலே வரும். மூன்று தரம் அடித்தார், மூன்று தரமும் துள்ளியது. அப்பாவின் கூட்டாளி கிறிஸ்துநாயகம் அங்கிள் அவரைப் பார்த்து, "நவரட்ணம், உது தேங்காயோ ரெனிஸ் பந்தோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. நேரே போய் லின்டாவின் மூக்கில் ஓங்கி அடித்தார்.

தேங்காய் உடைந்தது. தேங்காய்த் தண்ணீர் வழிந்து முடிய, மூக்கின் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு.

நான் சொன்னது கூடாத வார்த்தைதான். "உங்கடை கை பட்டு எது உருப்பட்டது?" என்று கேட்டேன். எல்லோருக்கும் முன்னால். அவர், "இனி என்ரை வாசல்படி மிதியாதை" என்றார். எல்லோருக்கும் முன்னால். சரி. மிதிக்கவில்லை.

லின்டாவை வோல்ட்டரிடம் சொல்லி யாருக்காவது கொடுத்துவிடு. வெடித்த படகு எனக்கு வேண்டாம்.

நீ ஏன் இன்னும் அந்தக் கன்ரீனில் நிற்கிறாய்? பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போவதாகச் சொன்னாயே?

அண்ணா,
ராகுலன்


ரொறன்ரோ
28 செப்டெம்பர் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அன்ரி அதை யன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொண்ணை கோழி கிண்டினமாதிரி எழுதுறான், ஒண்டும் விளங்கேல்லை" என்று சொல்லித் தந்தார்.

லின்டாவைக் கொடுக்கும்படி நான் வோல்ட்டரிடம் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். துறையில் அவள் நிற்கும் இடத்தின் வாடகைக்காலம் ஒக்ரோபர் முடிவு வரை இருக்கிறது. அதுவரை அவள் உங்கள் படகுதான்.

இப்போது பாய்மரங்களை இறக்குகிறார்கள். நின்ற கம்பத்தைப் படுக்க வைத்ததும் படகு சட்டென்று சின்னதாகிவிடுகிறது, தொப்பியைக் கழற்றிய ஆளைப் போல. எஞ்சின்களுக்குள் உறையாமல் இருக்க ஒரு ரோஸ் நிறத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மிச்சம் பின்பக்கத்தால் வழியும். அதை வாளியில் பிடித்து எடுத்துப்போவது என் வேலை. வெயிலில் வாளியைப் பார்த்தால் கோயிலடியில் விற்கும் சர்பத் மாதிரி இருக்கும். மெத்தைகளையும் கயிறுகளையும் எடுத்துக்கொண்டு ஆட்கள் வீட்டுக்குப் போகிறார்கள். போகும்போது அநேகமானோர் ஒரு தரம் திரும்பிப் படகைத் தொடுகிறார்கள். ஒரு கிழவர் தன் படகிடம் எதையோ குனிந்து சொன்னார். நான் அங்கே பலகையைக் கூட்டிக்கொண்டு நின்றதை அவர் பார்க்கவில்லை. என்ன சொன்னார் என்று தெரியாது, ஆனால் அதே குரலில்தான் அம்மா என்னை நித்திரையால் எழுப்புவார்.

கணக்கெடுப்புக்காக இறக்கையில் மஞ்சள் இலக்கம் கட்டிய அன்னங்கள் மட்டும் போகவில்லை. காலியான இடங்களில் வந்து நிற்கின்றன, இனிமேல் தங்களுடையது என்பது போல.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் போகமாட்டேன் அண்ணா. பதினாறு முடிந்த அன்றே நின்றதில் எனக்குக் கவலை இல்லை. வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால் 'இங்கே இருக்கிறேன்' என்று சொல்லக்கூட எனக்குக் குரல் வராது. வராதவள் என்று எத்தனை நாள் போட்டிருக்கிறார்கள் தெரியுமா, நான் மூன்றாவது வரிசையில் இருக்கும்போதே.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கமாட்டீர்கள், ஆனாலும் எழுதுகிறேன். போன கிழமை கோயிலில் அம்மாவின் பெயரில் அர்ச்சனை. எப்போதும் அப்பாதானே வாசலில் தேங்காய் உடைப்பார். சரிபாதியாக உடைத்தால் ஒரு சிரிப்புச் சிரிப்பாரே. இந்த முறை தேங்காயைக் கூட வந்த கிறிஸ்துநாயகம் அங்கிளிடம் நீட்டினார். "நீ உடை. என்ரை கை சரியில்லை" என்றார். அங்கிள் பகிடி விட வாய் திறந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து மூடிவிட்டார். பிறகு அம்மாவிடம் கேட்டேன். மே மாதத்திலிருந்து அவர் ஒரு தேங்காயையும் உடைக்கவில்லையாம். வீட்டில் கறிக்குக்கூட அம்மாதான் கத்தியின் பின்பக்கத்தால் தட்டி உடைக்கிறார்.

நீங்கள் சொன்னதை அவர் நம்பிவிட்டார்.

இன்னொன்றும் எழுத இருக்கிறது. மூன்று தாள்களில் எழுதி மூன்றையும் கிழித்துவிட்டேன். அடுத்த கடிதத்தில் எழுதுவேன் என்று நினைக்கிறேன்.

நிலாணி


மொன்றியல்
5 ஒக்ரோபர் 1996

நிலாக்குட்டி,

தேங்காய் விசயம் எனக்குத் தெரியாது. அதைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் அவர் கூப்பிடாமல் நான் எப்படி வருவது? அவர் கூப்பிடமாட்டார். அந்த வீம்புதான் எனக்கும் வந்திருக்கிறது.

கையெழுத்துக்கு வழி செய்துவிட்டேன். என் இடத்தில் நீ நின்று லின்டாவைக் கரையேற்றலாம் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் இதோடு இருக்கிறது. வோல்ட்டரிடம் கொடு. ஒன்றும் பேசத் தேவையில்லை, நீட்டினால் போதும்.

ஒன்றே ஒன்று செய். அவளைத் தூக்கியதும் அந்த வெடிப்பைக் கீழிருந்து பார்க்கும்படி வோல்ட்டரிடம் காட்டு. அவர் பார்த்தால் சொல்வார், எப்படிப்பட்ட அடி, எவ்வளவு ஆழம் என்று. தண்ணீர் உள்ளே ஊறியிருந்தால் குளிரில் உறைந்து இன்னும் பிளக்கும். விற்பதென்றாலும் தெரிந்திருக்க வேண்டும்.

எழுதி எழுதிக் கிழித்தேன் என்கிறாய். ஆரடி அந்தப் பெடியன்? படகுக்காரனா? வெள்ளையா, எங்கடை ஆளா? அன்ரிக்குத் தெரியுமா? பயப்படாமல் எழுது. நான் அப்பா இல்லை.

ராகுலன்


ரொறன்ரோ
14 ஒக்ரோபர் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

இன்று தாங்ஸ்கிவிங் விடுமுறை. துறையில் ஒருவரும் இல்லை. ஐஸ்கிரீம் பெட்டியின் வயரைப் பிடுங்கி, கழுவி, கதவைத் திறந்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பெடியன் ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் எழுதுவது சுலபம்.

லின்டாவை உடைத்தது அப்பா இல்லை. நான்.

கோபத்தில் தாளைக் கசக்கிவிடாதீர்கள். முழுக்கப் படியுங்கள்.

மே பதினெட்டு, சனிக்கிழமை. நீங்கள் வெள்ளி பின்னேரம் அவளைத் தண்ணீரில் இறக்கிவிட்டுப் போனீர்கள். மறுநாள் ஆறு மணிக்கு நான் அன்ரியோடு கன்ரீன் திறக்க வந்தேன். அன்ரி உள்ளே கோப்பி போட்டுக்கொண்டிருந்தார். வெளியே ஒரே புகார். நான் சும்மா போய் லின்டாவில் ஏறி இருந்தேன். பிறகு முன்கயிற்றை அவிழ்த்தேன். பின்கயிறு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அதையும் அவிழ்த்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மோட்டரை நான் தொடவில்லை. அவள் கொஞ்ச நேரம் அதே இடத்தில் நின்றாள், அவிழ்த்ததை நம்பாதவள் போல. பிறகு துறை மெல்ல மெல்ல என்னைவிட்டு விலகிப் போனது. அப்படித்தான் தெரிந்தது, நான் போகவில்லை, கரைதான் போனது. கன்ரீன் போனது, அன்ரியின் ரேடியோச் சத்தம் போனது. மல்லாந்து படுத்தேன். மேலே வானம் இல்லை, கீழே தண்ணீர் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. அன்னம் ஒன்று பக்கத்தில் வந்து கொஞ்சத் தூரம் கூடவே வந்தது. இந்த நாட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் எங்கே போனாலும் யாராவது ஏதாவது கேட்பார்கள். பெயர் என்ன, எந்த வகுப்பு, ஏன் பேசமாட்டாய். அங்கே ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் படகு வேண்டும் என்று சொன்னதெல்லாம் இதற்குத்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது. உங்களுக்கு முன்னால் நான் போய்விட்டேன் என்று சந்தோசமாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு சத்தம். கோப்பையை மேசையில் வைப்பது போல, அவ்வளவுதான். எண்ணெய் நிரப்பும் துறையின் இரும்பு மூலையில் அவள் மூக்கு முட்டியிருந்தது. கையால் தள்ளியும், துடுப்பால் வலித்தும் ஒருவரும் காணமுன் பழைய இடத்தில் கொண்டுவந்து கட்டினேன். அப்போதுதான் வெடிப்பைப் பார்த்தேன். கன்ரீனுக்கு ஓடிப்போய் வெள்ளைச் சவர்க்காரம் எடுத்துவந்து அதற்குள் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மறைந்தது. ஞாயிறு உங்களிடம் சொல்லலாம் என்று நினைத்தேன், ஓட்டம் முடிந்து எல்லோரும் சந்தோசமாக இருக்கும் நேரம் பார்த்து.

அதற்கிடையில் அப்பா தேங்காய் அடித்தார். தேங்காய்த் தண்ணீர் வழிந்து சவர்க்காரத்தைக் கரைத்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வெள்ளையாக நுரை வந்தது, யாரும் கவனிக்கவில்லை. பிறகு வெடிப்பு வந்தது. நீங்கள் கத்தினீர்கள், அப்பா கத்தினார். இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றேன். வாய் திறந்தேன் அண்ணா. சத்தியமாகத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

வகுப்பில் வாய் திறக்காததால் எனக்கு மட்டும்தான் நட்டம். இது அப்படி இல்லை.

இருபத்தாறாம் திகதி அவளைத் தூக்கினால் வோல்ட்டருக்குப் பார்த்ததும் தெரியும், இது தேங்காய் அடி இல்லை என்று. அதற்குப் பயந்து எழுதுகிறேன் என்றும் நீங்கள் நினைக்கலாம். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

நீங்கள் அப்பாவிடம் சொல்லிவிடுவீர்களா? ஒரு ஃபோன் எடுத்து?

நிலாணி


மொன்றியல்
18 ஒக்ரோபர் 1996

நிலாணி,

படித்தேன். இரண்டு தரம்.

நான் சொல்லமாட்டேன். நீ உடைத்தாய், நீ சொல். எனக்கு எழுதியது பெரிய காரியம் என்று நினைக்காதே. நான் ஐந்நூறு கிலோமீற்றருக்கு அங்கால் இருக்கிறேன், என் முகத்தை நீ பார்க்கத் தேவையில்லை. அப்பா உனக்குப் பக்கத்து அறையில் படுக்கிறார்.

அஞ்சு மாதம், நிலா.

சொன்ன பிறகு எழுது. அதுவரை எழுதாதே.

ராகுலன்


ரொறன்ரோ
27 ஒக்ரோபர் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று பின்னேரம் அப்பா சாப்பிடும்போது பக்கத்தில் போய் நின்றேன். "என்ன பிள்ளை, தண்ணியோ?" என்று கேட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அடுத்த நாளும் அப்படியே, தண்ணீர்தான் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை, "அப்பா, நாளைக்கு லின்டாவைத் தூக்கினம்" என்று மட்டும் சொன்னேன்.

நேற்றுக் காலை நான் சப்பாத்துப் போடும்போது அவர் குளிர்ச்சட்டையோடு வாசலில் நிற்கிறார், கையில் கார்த் திறப்பு. "பஸ்ஸிலை போகாதை. குளிர்" என்றார். அம்மா ஓடிவந்து அவருடைய பொக்கற்றில் எதையோ திணித்தார்.

துறைப் பலகையெல்லாம் வெள்ளைப் பனி. ஏரியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது, தண்ணீர் தன் கடைசிச் சூட்டை விடுவது போல. லின்டாவோடு சேர்த்து மூன்றே படகுகள்தான் மிச்சம். நான் தாளை நீட்டினேன், வோல்ட்டர் வாசித்துவிட்டுத் தலையாட்டினார். தூக்கும் இயந்திரம் ஒரு வீட்டளவு. நீல நிறம், இரண்டு அகலமான பட்டிகள், ஆள் உயரச் சக்கரங்கள் நாலு. அப்பா அதைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பொக்கற்றிலிருந்து நாலு தேசிக்காயை எடுத்து நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தார். ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. வோல்ட்டர் மேலே இருந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா விலகியதும் தொப்பியைத் தொட்டுவிட்டு, அந்தத் தேசிக்காய்களின் மேலேயே மெல்ல ஓட்டினார்.

லின்டா எழும்பினாள். அவள் அடிப்பக்கத்தை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. பச்சைப் பாசி, நீளம் நீளமாக, தலைமயிர் போல. தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. அவ்வளவு பெரிய உடம்பு காற்றில் சும்மா தொங்கி ஆடியபோது எனக்கு மே மாதத்து வெள்ளைக்குள் திரும்பிப் போனது போல இருந்தது.

அப்பா நேரே மூக்கடிக்குப் போனார். கையுறையைக் கழற்றி வெடிப்பில் விரலை வைத்தார். பிறகு மேலே பார்த்து, இங்கிலீசில், ஒவ்வொரு சொல்லாக, "மிஸ்டர், மை மிஸ்ரேக். கோக்கனற்" என்றார். ஒரு அந்நியரிடம் அண்ணா. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு.

வோல்ட்டர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். அவர் நெற்றியைச் சுருக்கினார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். ஒரு மூச்சு அளவுதான் நேரம் இருந்தது.

"நோ" என்றேன். இரண்டு பேரும் திரும்பினார்கள். "நீங்கள் இல்லை அப்பா. நான்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மெல்லச் சொன்னால் கேட்காது. கத்தித்தான் சொன்னேன். கயிறு, புகார், இரும்பு மூலை, சவர்க்காரம் எல்லாம். பாதியில் வோல்ட்டர் போய் எஞ்சினை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருந்தேன். என் குரல் தண்ணீருக்கு மேலே போய், கரையோரம் நிற்கும் மண்மேட்டில் பட்டுத் திரும்பி வந்தது. யாரோ வேறு பெண் கத்துவது போல.

அப்பா கிட்ட வந்தார். பிறகு கேட்டார்.

"ரெண்டு கயிறையும் அவிட்டனியோ?"

"ஓம் அப்பா."

"நீந்தத் தெரியாதே உனக்கு."

"ஓம்."

"பயம் வரேல்லையே?"

"இல்லை."

அவர் ஏரியைப் பார்த்தார். "அஞ்சு மாசம்" என்றார். நீங்கள் எழுதிய அதே சொல். பிறகு கையுறை இல்லாத தன் கையை விரித்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறொருவர் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்ததைப் பார்ப்பது போல. அந்தக் கையால் அடித்தால்கூடப் பரவாயில்லை என்று நின்றேன். அதைச் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார்.

வெடிப்பு ஆழம் இல்லையாம். மேல்பூச்சோடு நின்றுவிட்டது, வசந்தத்தில் பூசினால் சரி என்று வோல்ட்டர் சொன்னார். பிறகு அவளைத் தாங்கிகளில் இருத்தி, அடியில் இருந்த பித்தளைத் திருகுமூடியைக் கழற்றினார். பெருவிரல் அளவுதான். உள்ளே கிடந்த தண்ணீர் நூல் போல இறங்கியது. குளிர்காலம் முழுக்க அந்த ஓட்டை திறந்தே இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் உள்ளே தேங்கும் தண்ணீர் உறைந்து அவளைப் பிளக்கும். மே மாதம் மூடியைப் போடாமல் இறக்கினால் மூழ்கிவிடும். அதனால் தொலைக்காதே என்று என் கையில் வைத்தார். அப்பா கையை நீட்டினார். கொடுத்தேன்.

காரில் வரும்போது அப்பா எக்ளிங்டன் வீதியைத் தாண்டினார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"கொண்ணனுக்கு எழுது."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"கன்ரீனுக்குக் கடிதம் வாறது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? அருள்மலருக்கு வாய் சும்மா இருக்குமே? எழுது. உந்த மூடி என்னட்டைக் கிடக்குது. உது இல்லாமல் வள்ளம் தண்ணியிலை இறங்காது. வேணுமெண்டால் அவன் வந்து என்னட்டைக் கேக்கட்டும்."

"எங்கை வந்து கேக்கிறது அப்பா?"

"வேறை எங்கை? எங்கடை வீட்டுக்கு வாசல் ஒண்டுதானே."

மூடி இப்போது சாமிப் படத்தட்டில், திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா, "உதென்ன?" என்று கேட்டார். "லின்டாவின்ரை" என்றார் அப்பா. "அவள் இன்னும் போகேல்லையே?" என்றார் அம்மா.

என்னோடு அப்பா இன்னும் சரியாகக் கதைக்கவில்லை. ஆனால் இன்று காலை குளிர்கால நேரத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பும்போது என்னைக் கூப்பிட்டுக் கதிரையைப் பிடிக்கச் சொன்னார்.

நிலாணி


மொன்றியல்
2 நவம்பர் 1996

நிலாக்குட்டி,

நீ கத்தியதை நான் கேட்கவில்லையே என்பதுதான் என் கவலை.

ஒன்றை மனதில் வை. வெடிப்பு உன்னுடையது. ஆனால் அன்று நான் சொன்ன வார்த்தை உன்னுடையதும் இல்லை, தேங்காயினுடையதும் இல்லை. அது என் வாயிலிருந்து வந்தது. அதற்கு நான்தான் வந்து பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பின்னேரம் நாலு மணிபோல் வீட்டடியில் நிற்பேன். மூடியைக் கேட்கத்தான் வருகிறேன் என்று அப்பாவிடம் சொல், வேறொன்றும் சொல்லாதே. கையில் ஒரு தேங்காயும் கொண்டுவருவேன். எங்கே அடிப்பதென்று அவர் சொல்லட்டும். பலகையில் மட்டும் வேண்டாம்.

மணி அடித்தால் நீ ஓடிவந்து கதவைத் திறக்காதே. அவர் திறக்கட்டும்.

அண்ணா